பிச்சாவரத்தில் பறவை பார்ப்பதும் படமெடுப்பதும்: முதன்முறை வருவோருக்கு

பிச்சாவரம் போய் வந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்வது இதுதான்: "மரமெல்லாம் அழகா இருந்துச்சு, பறவைதான் ஒண்ணும் இல்ல." பறவை இருந்தது. மோட்டார் படகின் சத்தம் வளைவைத் தாண்டுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டது. உச்சி வெயிலில், தண்ணீர் நிறைந்து நிற்கும் நேரத்தில், பேச்சும் சிரிப்புமாகப் போகும் படகிலிருந்து ஓரிரு கொக்குகளுக்கு மேல் கண்ணில் படாது.

எந்த நேரம், எந்தப் படகு, எவ்வளவு தூரம் என்ற மூன்றும் சரியாக அமைந்தால் சாதாரணக் கேமராவே போதும். மூன்றிலும் தூரம்தான் தலையானது. பறவை இரை தேடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து தேட வேண்டும். இறகு கோதிக்கொண்டிருந்தால் தொடர்ந்து கோத வேண்டும். நாம் வந்ததால் அது செய்வதை நிறுத்தாத தூரம் எதுவோ அதுவே நாம் நிற்க வேண்டிய தூரம். இதை மீறி எடுத்த படம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதை நல்ல படம் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்த பறவையின் படம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: கழுத்து விறைத்திருக்கும், உடம்பு ஒடுங்கியிருக்கும், கண் நம்மையே பார்க்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது இந்தச் சதுப்புக்காடு. உப்பங்கழியில் ஐம்பது சொச்சம் சிறு தீவுகள், அவற்றுக்கிடையே பின்னிப் போகும் வாய்க்கால்கள், கிழக்கே ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் வங்கக்கடல். சின்னவாய்க்கால் பக்கம் முகத்துவாரம். 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக ஏறத்தாழ 15 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ வருபவர்கள் சிதம்பரம் வந்து அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். படகுத்துறை தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. காடு வனத்துறையினுடையது, தீவில் இறங்கக் கூடாது. இறங்கினாலும் முழங்கால் வரை சேறு. அதைவிட முக்கியமாக, சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களை மிதித்தால் மரத்துக்குக் கேடு.

இங்கே அதிகம் பார்ப்பது வெண்கண்டலும் சுரபுன்னையும். ஊன்றுகோல்களைப் போல வேர்களைத் தண்ணீருக்குள் இறக்கி நிற்பது சுரபுன்னை. மூன்றாவதாக ஒரு மரத்தைக் கட்டாயம் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இது. இலையையோ கிளையையோ ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குறுகிய வாய்க்காலில் கிளைகள் முகத்தில் உரசும்; படம் எடுக்கும் ஆவலில் கிளையை ஒதுக்கவோ முறிக்கவோ கை நீட்டாதீர்கள். பறவை கிளைக்குப் பின்னால் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் வேலை: மாதமும் ஓதமும் பார்ப்பது

வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் ஐப்பசியில் சேர ஆரம்பித்துப் பங்குனி வரை தங்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது வடகிழக்குப் பருவமழைக் கரை. புயல் சின்னம் என்றால் படகு ஓடாது, மழை விட்டாலும் வானம் மூடியே கிடக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், காலையில் வாடைக் காற்று குளிரும், வலசைப் பறவைகள் இடம் பழகி அமைதியாக மேயும். பங்குனியில் வெயில் ஏறினாலும் வேறொரு லாபம் உண்டு: ஊர் திரும்பும் முன், சேற்றுக்கரையில் மேயும் உள்ளான் என்ற பறவைகளில் சில இனங்கள் இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறத் தொடங்கும். மடையான் என்ற கொக்குக்கும் முதுகு கருஞ்சிவப்பாக மாறும் பருவம் அதை ஒட்டியே வரும்.

ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, மாதத்தைவிடக் கவனமாகப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். நீர் வற்றும்போது சேற்றுக்கரை வெளியே தெரியும். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சிறு நண்டுகளும் சேற்றில் துள்ளும் மீன்களும் வெளியே வரும். அவற்றைத் தேடிக் கொக்கும் மீன்கொத்தியும் உள்ளானும் கரைக்கு இறங்கும். நிறைந்த நீரில் இதே பறவைகள் மரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே நீர் இறங்கத் தொடங்கி அடிமட்டம் தொடுவதற்குள் படகில் இருக்கப் பாருங்கள். முழுக்க வற்றிய பிறகு குறுகிய வாய்க்கால்களில் படகு தரை தட்டும்.

வீட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டியே முதல் உதவி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அட்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். கைப்பேசியில் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ ஓத நேரம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அது திறந்த கரைக்கான கணக்கு. காட்டுக்குள் நீர் ஏறுவதும் இறங்குவதும் அதைவிடத் தாமதமாகும். கடைசி வார்த்தை படகோட்டியினுடையதுதான். முதல் நாளே பேசி, "அண்ணா, நாளைக்கு எப்போ தண்ணி வத்தும்?" என்று கேட்டுவிடுங்கள். படகுத்துறை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் கரையில் பழகுங்கள்

ஆடும் படகில் முதன்முதலாகக் கேமராவைத் தூக்கினால் கையும் தடுமாறும், மனமும் சோர்ந்துவிடும். இரண்டு இடங்களில் முன்கூட்டியே பழகலாம், இரண்டுக்கும் செலவில்லை.

ஒன்று ஊசுட்டேரி. புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கும் பெரிய ஏரி. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கரையில் ஓரிடமாக உட்கார்ந்துவிடுங்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகிய நான்கையும் முதலில் கண்ணால், பிறகு பைனாகுலரில், அதன் பிறகே கேமராவில் பாருங்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள். கேமராவை முதலில் தூக்குபவர்களுக்குப் பறவையின் நடத்தை பழக வெகுநாள் ஆகும். முக்குளிப்பான் மூழ்கினால் எத்தனை நேரத்தில் எந்தப் பக்கம் எழும் என்று ஒரு காலை முழுக்கக் கவனித்துப் பாருங்கள். படம் எடுக்கத் தேவையான பொறுமையும் கணிப்பும் அங்கேயே வந்துவிடும்.

இன்னொன்று கடலூர் முதுநகர் துறைமுகம். மீன்பிடிப் படகுகள் திரும்பும் காலை வேளையில் செம்பருந்தும் கரும்பருந்தும், குளிர்காலத்தில் கடற்காகங்களும் ஆலாக்களும் தலைக்கு மேலே சுற்றும். பறக்கும் பறவையைப் படமெடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தக் கரையில் இல்லை: பறவை பெரியது, மனிதருக்குப் பழகியது, ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். அங்கே வேலை செய்பவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே போகாதீர்கள். ஆட்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் துறைமுகம் பெரும்பாலும் வெறிச்சோடியிருக்கும், வலசைக் கடற்காகங்களும் அதற்குள் போயிருக்கும்.

என்ன கொண்டுபோவது

பணத்தை முதலில் பைனாகுலருக்குச் செலவிடுங்கள். 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு உள்ளது போதும். 10 மடங்கும் அதற்கு மேலும் படகில் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். கேமரா இல்லாதவர்கள் பைனாகுலரோடு மட்டும் வந்தால் எதையும் இழந்ததாக நினைக்க வேண்டாம். படமெடுப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பைனாகுலரோடு வந்தவர் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேமராவுக்கு 300 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் தொடக்கத்துக்குப் போதும். 100-400, 150-600 வகை லென்ஸ் இருந்தால் வசதி. லென்ஸ் மாற்ற முடியாத, வெகுதூரம் ஜூம் போகும் ஒரே துண்டுக் கேமராவும் நல்லதே. எடை குறைவு, உப்புக்காற்றில் லென்ஸ் கழற்றி மாட்டும் தொல்லை இல்லை. முக்காலியைக் கொண்டுவராதீர்கள். படகின் ஒவ்வொரு ஆட்டத்தையும் அது கேமராவுக்கு அப்படியே கடத்தும், காலை நீட்டவும் இடமிருக்காது. பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு பை தைத்து முக்கால் பாகம் பச்சைப்பயறோ அரிசியோ நிரப்புங்கள். படகின் விளிம்பில் அதை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால் ஆட்டம் பெருமளவு அடங்கும்.

மங்கிய பச்சை, காவி, சாம்பல் நிற உடை நல்லது. உயிர்காப்பு அங்கி பளிச்சென்ற நிறத்தில்தான் தருவார்கள், கட்டாயம் போட வேண்டும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பறவை நிறத்துக்கு மிரள்வதைவிட அசைவுக்கும் உயரத்துக்கும்தான் அதிகம் மிரளும். தொப்பி, தண்ணீர், கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் உறை, ஈரம் துடைக்கப் பழைய பருத்தித் துண்டு. குளிரூட்டிய விடுதி அறையில் தங்குபவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

படகில்

துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகன்ற நீர்ப்பரப்போடு நின்றுவிடும். குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகால் மட்டுமே போக முடியும். எத்தனை பேர் ஏறலாம் என்று இருந்தாலும் படமெடுக்கிறவர்கள் இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். மொத்தப் படகுக்கும் கட்டணம் கட்டுவது செலவுதான், ஆனால் இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஏறியதும் படகோட்டியிடம் பேசுங்கள். வழக்கமாக வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது வேறு, நமக்கு வேண்டியது வேறு. "அண்ணா, தூரம் போக வேணாம். மெதுவாப் போங்க. பறவை இருந்தா துடுப்பை நிறுத்திடுங்க, படகு தானா மிதக்கட்டும். கிட்டப் போகணும்னு இல்ல." இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். வந்தவரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்றே பல படகோட்டிகள் பறவைக்கு மிக அருகில் கொண்டுபோய்விடுவார்கள். வேண்டாமென்று நாம் சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி. இந்த வாய்க்கால்களில் அவர்களுக்குத் தெரியாத வளைவு கிடையாது. எந்த மரத்தில் வக்கா பகலில் தூங்கும், எந்த முனையில் மீன்கொத்தி உட்காரும் என்று கேட்டால் சொல்வார்கள். சொன்னால் நன்றியோடு பேசிய பணத்துக்கு மேலும் கொடுங்கள்.

வழியில் கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்ப்பீர்கள். பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய வேலைநேரம். அலையெழுப்பாமல் ஒதுங்கிப் போகச் சொல்லுங்கள், லென்ஸை அவர்கள் பக்கம் திருப்பாதீர்கள்.

இப்போது நெருங்கும் முறை. எழுந்து நிற்கவே கூடாது. நின்றால் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் பெரிதாகத் தெரியும். பறவையை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாக, அதைக் கடந்து போவதுபோல் படகு நகரட்டும். சற்றுத் தூரத்திலேயே நிறுத்திச் சில படம் எடுங்கள். பிறகு பறவையைப் பாருங்கள். இரை தேடுவதை நிறுத்திவிட்டதா? கழுத்தை உயர்த்திவிட்டதா? உடம்பைத் தாழ்த்திக் கால்களை மடக்குகிறதா? எச்சமிட்டதா? கடைசி இரண்டும் பறப்பதற்குச் சற்று முன் நிகழ்பவை. முதல் இரண்டில் ஒன்று தெரிந்தவுடனே படகு நிற்க வேண்டும், முடிந்தால் ஓரிரு துடுப்புப் பின்னால் போக வேண்டும். அப்படிப் பின்வாங்கினால் பெரும்பாலும் பறவை மறுபடி தன் வேலைக்குத் திரும்பிவிடும், நமக்கும் நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.

பவளக்காலியைக் கவனியுங்கள். சிவந்த காலுள்ள உள்ளான். சேற்றுக்கரையில் முதலில் கத்தி எழுவது பெரும்பாலும் அதுதான், அது எழுந்தால் மற்றவையும் சேர்ந்து எழும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பறவைகள் இவை. வற்றம் இருக்கும் சில மணி நேரமே அவற்றின் சாப்பாட்டு நேரம். நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு படகு போய் அடுத்த படகு வந்து எழுப்பினால் இன்னொரு பங்கு.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டாதீர்கள், தண்ணீரை அடிக்காதீர்கள். டிரோன் வேண்டாம். கூடு கண்டால் அந்த இடத்தில் நிற்காமல் கடந்துவிடுங்கள். தாய் எழுந்து போன சில நிமிடத்தில் காக்கை முட்டையைக் கொத்திவிடும். கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் எழுதாதீர்கள்.

வெளிச்சமும் கேமரா அமைப்பும்

படகுத்துறை காட்டுக்கு மேற்கே இருக்கிறது, படகு கிழக்கு நோக்கிப் போகும். அதாவது காலையில் போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. அந்த நேரத்தைப் பைனாகுலருக்கு வைத்துக்கொண்டு திரும்பும்போது படமெடுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் வந்துவிடும். பிற்பகலில் இது அப்படியே மாறும், போகும்போதே நல்ல வெளிச்சம். வற்றம் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வரும் நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

புதியவர்கள் முழுக் கைமுறை அமைப்பில் சிரமப்பட வேண்டாம். ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் தீர்மானிக்கும் அமைப்பில் வைத்து (கேனானில் டி.வி., நிக்கானில் எஸ்) ஒளியுணர்வின் அளவான ஐ.எஸ்.ஓ.-வைக் கேமராவிடம் விடுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 1/1000. தரையில் இதைவிடக் குறைவே போதும், படகு ஆடுவதால்தான் இவ்வளவு. பறப்பதற்கு 1/2000, சிறு பறவைக்கு அதற்கும் மேல். தொடர் ஃபோகஸ் வைத்து, கண்ணில் புள்ளியை நிறுத்துங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் எப்போதும் வேண்டாம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் வெள்ளைக் கொக்கு. கரும்பச்சைக் காட்டின் முன் நிற்கும் வெள்ளைப் பறவையைக் கேமரா தவறாகக் கணக்கிடும்: சுற்றிலும் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு விவரம் எல்லாம் வெளுத்துப்போகும். வெளிச்ச ஈடுகட்டலை (கேமராவில் +/- குறி) மைனஸ் முக்காலிலிருந்து மைனஸ் ஒன்று வரை குறையுங்கள். திரையில் வெளுத்த இடம் சிமிட்டிக் காட்டும் வசதி இருந்தால் அதை இயக்கி, சிமிட்டல் நிற்கும் வரை குறைக்கலாம். வெளிறிய வானத்தின் முன் உட்கார்ந்திருக்கும் கறுத்த நீர்க்காகத்துக்கு நேர் எதிர்: பிளஸ் ஒன்று. ஒரே வாய்க்காலில் இரண்டும் மாறி மாறி வரும், ஆகவே இந்த அளவை மாற்றும் சக்கரம் விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். கேமரா திருத்தாமல் சேமிக்கும் 'ரா' கோப்பாக எடுத்தால் பிறகு திருத்த இடமிருக்கும், ஆனாலும் வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

பறவையை மட்டும் நெருக்கி எடுக்கும் பழக்கத்துக்கு அடிமையாகாதீர்கள். சுரபுன்னையின் வேர்வளைவுகளுக்குள் சிறிதாக நிற்கும் ஒரு மடையானின் படம் அது எங்கே வாழ்கிறது, எப்படி மறைகிறது என்பதைச் சொல்லும். தூரத்திலிருந்தே எடுக்க முடியும் என்பது அதன் இன்னொரு சிறப்பு.

எதைப் பார்த்தோம் என்று தெரிந்துகொள்வது

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு அல்ல. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. பறக்கும்போது அந்த மஞ்சள் பாதம் தெளிவாகத் தெரியும். மிக நீண்ட கழுத்தோடு, அது நடுவில் முடிச்சுப் போட்டதுபோல் வளைந்து, வாயின் பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பழுப்புக் கோடுகளோடு சேற்றின் நிறத்தில் குந்தியிருந்து, எழுந்தவுடன் வெள்ளைச் சிறகை விரித்துத் திடுக்கிட வைப்பது மடையான். மாட்டோடு வயலில் திரியும் உண்ணிக்கொக்கை இங்கே உள்ளே தேடாதீர்கள், வரும் வழியில் கிள்ளை வயல்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்கொத்திகள்தான் இந்தக் காட்டின் செல்வம். நீல முதுகும் வெள்ளை நெஞ்சும் சிவந்த பெரிய அலகும் கொண்ட வெண்மார்பு மீன்கொத்தியை ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். சிட்டைவிடச் சற்றே பெரிதாக, நீர்மட்டத்தில் அம்பாகப் போவது சிறு நீல மீன்கொத்தி. கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் காற்றில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும். நிற்கும் அந்தச் சில நொடிதான் படத்துக்கான நேரம், பாய்ச்சலைத் துரத்தாமல் நிற்பதையே எடுங்கள். நான்காவது கருந்தலை மீன்கொத்தி: கறுத்த தலை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, ஊதா கலந்த நீல முதுகு. குளிர்காலத்தில் இதுபோன்ற அலையாத்திக் காடுகளைத் தேடி வரும். கூச்சம் மிக்கது. இதைப் பார்ப்பதற்காக மட்டுமே இங்கே வரலாம்.

கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் திறந்த நீர்ப்பரப்பின் ஓரங்களில் தென்படும். பெரியவை, குழப்பம் வராது. உள்ளான் இனங்களை முதல் வருடம் விட்டுவிடுங்கள். பவளக்காலியும் பச்சைக்காலியும் தெரிந்தால் அந்த ஆண்டுக்குப் போதும்.

கரையேறும் ஆமை

வடகடல் தீவுகளில் பறவையோடு கடல்நாய்களும் பாறையில் படுத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, இங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நம் கடலில் கடல்நாய் கிடையாது. கடல்பசுவுக்கும் தெற்கே பாக் விரிகுடாவுக்குப் போக வேண்டும். ஆனால் கடலில் வாழ்ந்து நம் மணலுக்கு ஏறி வரும் உயிர் ஒன்று இருக்கிறது: பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை கடலூர், புதுச்சேரிக் கரைகளில் இரவில் ஏறி, மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டை இட்டு மூடிவிட்டு இறங்கிப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள்.

இதைத் தனியாகத் தேடிப் போகாதீர்கள். 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. முட்டையைத் தொடுவதும் குற்றம். வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் போய்ப் பாருங்கள். முட்டையிட ஏறும் ஆமை டார்ச் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுக்கு வெளிச்சம் இன்னும் பெரிய ஆபத்து. அடிவானத்தில் எது அதிக வெளிச்சமோ அதுதான் கடல் என்று அது நடக்கும். கைப்பேசி விளக்கைக் காட்டினால் உங்களை நோக்கி வந்து, கடலுக்கு நீந்த வைத்திருக்கும் பலத்தை மணலில் தீர்த்துவிடும்.

விடியல் வெளிச்சம் போதும். குஞ்சுகளின் பாதைக்குப் பக்கவாட்டில், அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே வராமல், மணலில் குப்புறப் படுத்துக் கேமராவைத் தரையோடு வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 3200-க்குப் போனாலும் போகட்டும். எழும் முன் உங்கள் உடம்புக்கு அடியிலும் பின்னாலும் குஞ்சு இல்லையென்று பார்த்துவிட்டு எழுங்கள். கையில் எடுத்துப் படத்துக்குக் காட்டச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள்.

திரும்பிய பிறகு

அன்றிரவே கேமராவையும் லென்ஸையும், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், பிறகு உலர்ந்த துணியால். உப்பு ஒரு வாரம் தங்கினால் திருகுகளை அரிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் லென்ஸில் பூஞ்சை வராது; தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரத்தில் கட்டாயம் வரும்.

படங்களைவிடக் குறிப்புகளுக்கு ஆயுள் அதிகம். தேதி, நேரம், ஓதம் ஏற்றமா வற்றமா, காற்று, பார்த்த பறவைகள், எண்ணிக்கை. நோட்டில் எழுதலாம், பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். பெயர் தெரியாத பறவைக்கு மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும், ஆனால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீங்கள் பார்த்த அலகு, கால், நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டியல் போடப் பழகச் சரியான நேரம் பொங்கல். 2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பறவை ஆர்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து இ-பேர்டில் பதிகிறார்கள். யாரும் சேரலாம், படகோ கேமராவோ தேவையில்லை. வீட்டு மொட்டைமாடியோ ஏரிக்கரையோ ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததும் கேட்டதுமான எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும்; காக்கையையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. எண்ண முடியாத கூட்டமாக இருந்தால் எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் என்று போடலாம், ஆனால் பத்துப் பத்தாகக் குத்துமதிப்பாக எண்ணிப் போடுவது அதைவிடப் பயனுள்ளது.